வேலைக்காக வெளிநாடு செல்பவருக்கு இணைய ஆராதனை மட்டும் போதுமா?

ஆறு மாத வேலைக்காகக் கத்தார் செல்லவிருப்பதாகவும், அங்கே சபையைத் தேடி அலைவதைவிட ஊர் ஆலயத்தின் ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். 2015ஆம் ஆண்டு ஏறக்குறைய இதே எண்ணத்தோடு, பெட்டியில் பாமாலையும் கைபேசி நிறையப் பிரசங்க ஒலிப்பதிவுகளும் எடுத்துக்கொண்டு நானும் அதே நாட்டில் போய் இறங்கியவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஞாயிறு வாரத்தின் முதல் வேலைநாள். வெள்ளிக்கிழமைதான் பெரும்பாலோருக்கு ஆராதனை நாள். அமீரகத்தில் 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டது. கத்தாரில் அந்த மாற்றம் இல்லை. தோஹாவின் தென்மேற்கே மெசைமீரில், நாட்டின் ஆட்சியாளரான அமீர் அளித்த நிலத்தில், ஒரே மதிலுக்குள் ஆலயங்கள் எல்லாம் அமைந்திருக்கின்றன. அங்குள்ள கத்தோலிக்க ஆலயம் 2008இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சிலுவையோ கோபுரமோ மணியோ கண்ணில் படாது. வாசலில் காவலர்கள் பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள். மதிலுக்குள் எந்தத் தடையும் இன்றி ஆராதிக்கலாம். வெளியே கைப்பிரதி கொடுப்பது, பிற மதத்தாரிடம் பிரசங்கிப்பது போன்றவற்றைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை மதித்து நடந்துகொள்ளுங்கள்.

இனி என் கதை. எரிவாயுத் தொழில் நகரமான ராஸ் லஃபானில் கம்ப்ரசர்களை நிறுவி இயக்கிக் கொடுக்கும் பணி. தங்குமிடம் தோஹாவுக்கு வடக்கே உள்ள அல் கோரில். முதல் வெள்ளியன்று மெசைமீர் போனபோது, எனக்குப் பழக்கமான ஜெபப்புத்தக முறையில் நடக்கும் தமிழ் ஆராதனையின் நேரம் என் ஷிப்டுக்கு ஒத்துவரவில்லை. பிற்பகலில் ஓர் அறையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்த சிறிய தமிழ்க் கூட்டத்தில் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். ஏறத்தாழ நாற்பது பேர். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது இரண்டே மணி நேரம். அது முடியும் முன்பே அடுத்த மொழிச் சபையார் கதவருகே வந்து நின்றுவிடுவார்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையில். 14 ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடியவன். அந்த ஆராதனை எனக்கு அந்நியமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே வரும்போது ஒருவர் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். சாரம் கட்டும் வேலை செய்பவர், இராமநாதபுரம் மாவட்டம், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பெயர், கைபேசி எண், தங்குமிடம், அறை எண் ஆகியவற்றுக்குக் கட்டங்கள். அவற்றுக்கு அப்பால் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கட்டம். ஊர் திரும்பியவர்களின் பெயரை அவர் அடிப்பதில்லை. பெயருக்கு எதிரே ‘குவைத்’, ‘சிவகாசி’ என்று இடத்தை எழுதிவைத்திருந்தார். இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் ‘தெரியவில்லை’ என்று இருந்தது.

மூன்றாம் வெள்ளியும் நான்காம் வெள்ளியும் எனக்குக் கடுங்காய்ச்சல். நான்காம் வெள்ளி இரவு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “பிரதர், ரெண்டு வெள்ளியா ஆளையே காணோமே, உடம்புக்கு என்ன?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். மறு வெள்ளி காலையில் கதவு தட்டப்பட்டது. தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவிலுள்ள தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, தோஹாவில் பேருந்து மாறி, 60 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து நின்றார். கையில் நாளிதழ் சுற்றிய எவர்சில்வர் டப்பா; அதற்குள் ஆறிப்போன கஞ்சியும் பருப்புத் துவையலும். வாரத்தில் அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் பேசாமல் அமர்ந்திருந்து, மிகச் சுருக்கமாக ஜெபித்து, என் தாயாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு அதே நோட்டில் குறித்துக்கொண்டு, பிற்பகல் ஆராதனைக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார்.

அன்று இரவு வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தைத் திறந்தேன். பவுல் கைதியாக ரோமாபுரியை நெருங்குகையில் சகோதரர்கள் அப்பியுபுரம்வரைக்கும் மூன்று சத்திரம்வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் கண்டபின் அவர் தைரியமடைகிறார். சிறு வயது முதல் எத்தனையோ முறை வாசித்தும், வெறும் ஊர்ப்பெயர்கள் என்று தாண்டிப்போன வசனம் அது. அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ரோமச் சபைக்குப் பவுல் சில ஆண்டுகளுக்கு முன்பே 16 அதிகாரங்களில் நிருபம் எழுதி அனுப்பியிருந்தார். அவ்வளவு எழுதியவருக்கும், நடந்துவந்த மனிதர்களின் முகத்தைக் கண்டபோதுதான் தைரியம் வந்தது என்று அந்த நூலை எழுதிய லூக்கா சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் அறியேன்.

இணைய ஆராதனையை நான் இழிவாகப் பேசுவதாகச் சிலர் சொல்லக்கூடும். 2020இல் ஆலயங்கள் மூடிக்கிடந்த மாதங்களில் என் தாயாரைத் தாங்கியது அதுதான். அதற்காக இன்றும் நன்றி செலுத்துகிறேன். ஆனால் நீங்கள் வரவில்லை என்பது திரைக்குத் தெரியாது. அதுபோல, வேறு முறையில் ஆராதிக்கும் கூட்டத்தில் அமர்ந்ததால் நான் சபை மாறிவிட்டேன் என்று ஊரில் பேசியவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற அதே சபையில்தான் இன்றும் திருவிருந்து எடுக்கிறேன்.

அதே சபையைக் குறித்து எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நான் கத்தாரில் இருந்த நாட்களில் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து ஆலய மணி கேட்கும். ஆனாலும் சபை மன்றத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கோபுரக் கட்டுமானத்துக்குக் காணிக்கை கேட்டு எனக்குக் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது. சபை உறுப்பினருக்கான சங்கச் சந்தா பாக்கி என்று, திரும்பி வருவதற்குள் சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரையும் நீக்கியிருந்தார்கள். தாயாரோ, தாம் முகம்கூடப் பார்த்திராத சாரம் கட்டும் மனிதர் வாரந்தோறும் தோஹாவிலிருந்து அழைத்து, “அம்மா, இன்னிக்கு எழுந்து உட்கார்ந்தீங்களா?” என்று விசாரித்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். வெளிநாட்டில் இருப்பவனைக் காணிக்கைக் கவராக மட்டும் பார்க்கிற சபைகள் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகையால், சிறந்த பாடகர் குழு எங்கே, சிறந்த பிரசங்கியார் யார் என்று மாதக்கணக்கில் ஒவ்வொரு கூட்டமாகச் சுற்றிப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் அதிலேயே கழிந்துவிடும். உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவரும் சிறிய தமிழ்க் கூட்டம் ஒன்றில் முதல் வெள்ளியன்றே அமர்ந்து, உங்கள் எண்ணையும் அறை எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் வெள்ளி நாற்காலி அடுக்கவோ பாட்டுத்தாள் கொடுக்கவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கடைசி இரண்டு மாதங்கள் அந்த நோட்டை வைத்திருந்து, வராதவர்களை வெள்ளி இரவுகளில் அழைத்துப் பேசினேன். ‘தெரியவில்லை’ என்று இருந்த இருவரில் ஒருவர் ஓமானிலுள்ள சலாலாவில் இருப்பது தெரியவந்தது. அவர் பெயருக்கு எதிரே என் கையாலேயே அதை எழுதினேன்.