தலை நுழையாத சுங்குடி கவுன்: பிரிக்க வேண்டாம்

வணக்கம் தோழி. வீடியோ பார்த்து, அம்மாவின் சுங்குடிச் சேலையில் இரண்டு வயது மகளுக்குத் தைத்த கவுன் தலையில் நுழையவில்லை, எனக்குக் கற்பனையே கிடையாது என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கவுனைப் பிரிக்காதீர்கள். அந்த வயதில் தலைச் சுற்றளவு சுமார் 48 செ.மீ. இருக்கும், மார்புச் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெரியவர்களின் அளவைச் சுருக்கிக் கழுத்து வெட்டினால் இடிக்கத்தான் செய்யும்.

பின்கழுத்தின் நடுவில் 4 அங்குலம் நேராக வெட்டுங்கள். திறப்பு 8 அங்குலம் கூடிவிடும். மீந்த துணியில் 45 டிகிரி சாய்வாகக் கிராஸ் பட்டி வெட்டி விளிம்பைச் சுற்றித் தையுங்கள். சாய்வாக வெட்டிய துணி இழுபடும், அதனால் வளைவில் சுருக்கம் விழாது. மேலே ஒரு பிரஸ் பட்டனை இறுக்கமாகத் தைத்தால் போதும். கழுத்தில் கட்டும் நாடா மட்டும் வேண்டவே வேண்டாம். எதிலாவது மாட்டி இறுக்கினால் குழந்தைக்கு ஆபத்து.

அப்புறம் கற்பனை விஷயம். வீடியோவில் சொல்லாதபோதும் சேலைக் கரையை அடிவிளிம்பில் வரும்படி வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் யோசனைதானே? எனக்கு அது மிகவும் பிடித்தது.

அடுத்து பாவாடை தைத்தால் கரைக்கு மேலே இரண்டு டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து, பெரிய தையலாகப் போடுங்கள். மகள் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். ஒரு அங்குல டக்கைப் பிரித்தால் இரண்டு அங்குல நீளம் கிடைக்கும். பழைய சேலை ஏற்கெனவே துவைத்துச் சுருங்கியது என்பதால் அளவும் பெரிதாக மாறாது.