ஒரே ரகம், மூன்று வெப்பநிலை: எதைச் சரிபார்ப்பது?

வணக்கம். ஒரே நெல் ரகத்தின் மூன்று பாத்திகளும் ட்ரோன் வெப்பப் படத்தில் மூன்று வெப்பநிலை காட்டுகின்றன, வறட்சி தாங்கும் மரபணுப் பகுதி எதுவும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் மண் மேல்தான். வறட்சியில் இலை சுருண்டதும் இடையில் சுடுமண் தெரியும். பாத்தியின் சராசரியில் அதுவும் கலந்துவிடும். படத்தில் எது இலை, எது மண் என்று பிரித்துக் காட்டும் பசுமைக் குறியீட்டை வைத்து மண் பிக்சல்களை முதலில் நீக்குங்கள். அப்புறம், மேகமும் காற்றும் இல்லாத நண்பகலில் முழு வயலையும் ஒரே பறப்பில் படமெடுத்து முடித்துவிடுங்கள்.

பூக்கும் நாளையும் பகுப்பாய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்திப் பூத்த ரகம் வறட்சியிலிருந்து தப்பித்திருக்கலாம், தாங்கியிருக்க வேண்டியதில்லை. பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஒப்பீட்டுக்கு, வறட்சி தாங்காத ஐஆர் 64 நெல் ரகத்தையும், அதில் வறட்சி தாங்கும் மரபணுப் பகுதிகள் இரண்டைச் சேர்த்து உருவாக்கிய 'டிஆர்ஆர் தான் 42' ரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பாருங்கள்.