கனடாக் கோட்டையும் சென்னைக் கோட்டையும்

கேள்வி: பிரெஞ்சுக்காரர் 1746-இல் பிடித்த சென்னை, கனடாவிலுள்ள ஒரு கோட்டைக்கு ஈடாக ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். இது உண்மையா? அவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு ஊர்களுக்கு எப்படித் தொடர்பு ஏற்பட்டது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். ஆஸ்திரிய அரியணையின் வாரிசுரிமை குறித்து 1740-இல் ஐரோப்பாவில் மூண்ட போரில், 1744-இல் பிரிட்டனும் பிரான்சும் நேருக்கு நேர் மோதின. இரு நாட்டுக் கப்பல்களும் போன இடமெல்லாம் போரும் போயிற்று.

கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிஸ்பர்க், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குச் செல்லும் கடல்வழியைக் காத்த பிரெஞ்சுக் கோட்டை. காட் மீன் வணிகத்தின் பெருந்துறை. வில்லியம் பெப்பரெல் தலைமையில், வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதியான நியூ இங்கிலாந்திலிருந்து திரண்ட குடிப்படையினர் ஏறத்தாழ 4,000 பேர், பீட்டர் வாரனின் போர்க்கப்பல்களுடைய துணையோடு, ஆறு வாரங்களுக்கு மேல் முற்றுகையிட்டு 1745 ஜூனில் அதைக் கைப்பற்றினார்கள். அடுத்து நடந்ததே உங்கள் கேள்விக்கு நல்ல விடை என்று கருதுகிறேன். வென்றவர்கள் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, அதை நம்பி வந்த கப்பல்களைப் பிடித்தார்கள். அவற்றுள் இரண்டு, கீழ்த்திசைச் சரக்கோடு தாயகம் திரும்பிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள். சென்னைக்கும் கனடாவுக்கும் இடையிலான தொடர்பு வரைபடத்தில் இல்லை, இந்தக் கப்பல்களின் பாதையில்தான் இருந்தது.

சென்னையின் கதையும் அப்படியே. மொரிஷியஸ் ஆளுநரான லா பூர்தொனே அங்கே கப்பல்களைத் திரட்டிக்கொண்டு சோழமண்டலக் கரைக்கு வந்தார். 1746 ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த சண்டைக்குப் பிறகு ஆங்கிலக் கப்பல்கள் விலகிப் போய்விட்டதால், கடற்பக்கம் காவலின்றி நின்ற செயின்ட் ஜார்ஜ் கோட்டை செப்டம்பரில் பணிந்தது. பிணைப்பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று லா பூர்தொனேக்கும் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கும் எழுந்த பூசலை, துய்ப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வழியே தமிழிலேயே படிக்க முடிவது நமக்குக் கிடைத்த பேறு. அக்டோபரில் வீசிய புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்தது.

1748-இல் கையெழுத்தான எய் லா ஷாப்பேல் உடன்படிக்கையின்படி, கைப்பற்றிய இடங்களை இரு தரப்பும் திருப்பித் தந்தன. எனவே சென்னைக்கு லூயிஸ்பர்க் என்று மட்டும் கணக்கிடுவது முழுமையாகாது; பிரான்ஸ் பிடித்திருந்த ஆஸ்திரிய நெதர்லாந்தும் (பெரும்பாலும் இன்றைய பெல்ஜியம்) அந்தப் பேரத்தில் பெரும் எடையாக இருந்தது. தங்கள் பிள்ளைகளைப் பலிகொடுத்து வென்ற கோட்டை எவரோ எழுதிய கையெழுத்தில் போய்விட்டதே என்று நியூ இங்கிலாந்து மக்கள் கொதித்தார்கள். அவர்களிடமும் சென்னைவாசிகளிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரு முனைகளையும் இணைத்த ஒரு மனிதரையும் சொல்ல வேண்டும். அட்மிரல் பாஸ்கவன் 1748-இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார். மறு ஆண்டு சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியபோது இந்தக் கரையில்தான் இருந்தார். அதே பாஸ்கவன் 1758-இல் கடற்படையை நடத்திச் செல்ல, லூயிஸ்பர்க் இரண்டாம் முறையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இம்முறை அவர்கள் அதன் அரண்களை 1760-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்; 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபோது அதன் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.