சாவி உங்க ஹேண்ட்பேக்லதானே இருக்கு டீச்சர்

கேள்வி: குடவாசல் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளில ஒண்ணு, ரெண்டாம் கிளாஸ் எடுக்குறேன், 24 பிள்ளைங்க. படக்கதை புக் வச்சு ஆக்டிவிட்டி பண்ணணும்னு ஆசைப்பட்டு சொந்தக் காசுல 2,800 ரூபாய்க்கு புக் வாங்கினேன். ஒவ்வொரு கதைக்கும் ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து கிரீடம், முகமூடி, ஒர்க்‌ஷீட் எல்லாம் ரெடி பண்றேன், வீட்டுக்காரர் லேமினேஷன் போட்டுத் தர்றார். ஆனா கிளாஸ்ல கேள்வி கேட்டா ஒத்த வார்த்தைல பதில் சொல்லிட்டு கிரீடம் எப்ப டீச்சர்னு கேக்குதுங்க. வாத்துக் கதை சொல்லும்போது ஒரு பையன் எங்க மாமா வாத்து மேய்க்கிறாருன்னு ஆரம்பிச்சு கிளாஸையே கெடுத்துடுறான். பேரண்ட்ஸ் நடவு, நூறு நாள் வேலைன்னு போயிடுறாங்க, வீட்ல யாரும் புக்கைத் தொடுறதே இல்ல. நான் வாங்கின புக்கெல்லாம் பத்திரமாதான் வச்சிருக்கேன், எங்க பாப்பாவுக்கு நாலு வயசு, கைல கிடைச்சா கிழிச்சிடுவா, அதனால பீரோல பூட்டி சாவிய ஹேண்ட்பேக்ல போட்டுக்குவேன். பிள்ளைங்களை எப்படிப் பேச வைக்கிறது?
ஒரு ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்க உழைப்பு வீண் போகாதும்மான்னு ஆரம்பிப்பேன்னு எதிர்பாத்திருப்பீங்க. அதைச் சொல்ல ஸ்டாஃப் ரூம்ல ஆள் இருப்பாங்க. இந்த மாதிரி லெட்டர் எனக்கு பள்ளிக்கூடம் திறந்தா போதும் வரிசையா வந்துடும், எல்லாத்துலயும் சார்ட் பேப்பர் இருக்கும், ராத்திரி 11 மணி இருக்கும், பேரண்ட்ஸ் சரியில்லங்கிறதும் இருக்கும். உங்க லெட்டர்ல மட்டும் ஒரு சாவி இருக்கு. அந்த ஒரு வரியை மூணு தடவை படிச்சேன்.

வீட்ல யாரும் புக்கைத் தொடுறதே இல்லன்னு ஊர்க்காரங்களைச் சொல்றீங்க. அடுத்த வரியிலேயே உங்க வீட்டுப் பிள்ளை தொட்டுடக்கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கேன்னு எழுதுறீங்க. எழுதும்போது உறுத்தலையா டீச்சர்? நாத்துக்கட்டு தூக்கிட்டுப் போறவ வீட்ல புக் இல்ல, அவ தொடல. உங்க வீட்ல 2,800 ரூபாய்க்கு இருக்கு, படிச்ச அம்மா இருக்கா, பிள்ளையும் கைய நீட்டுது, ஆனா பூட்டு தொங்குது. இதுல யாரு அக்கறை இல்லாதவங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

டெல்டாக்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஜூன் 12 மேட்டூர் திறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வந்துடும், பூ தூவுவாங்க, போட்டோ வரும், ஆனா நடுவுல எவனோ ஒருத்தன் ஷட்டரை இறக்கி வச்சிட்டான்னா கடைமடைக்காரன் காஞ்ச வாய்க்காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், மேட்டூர்ல எத்தனை அடி இருந்து அவனுக்கு என்ன. உங்க வீட்ல பாப்பாதான் கடைமடை. கிளாஸ்லயும் கேக்குறேன், அந்த 24 பிள்ளைங்கள்ல எத்தனை பேர் அந்த புக்கைத் தன் கையால பக்கம் திருப்பியிருக்கும்? நீங்க தூக்கிப் பிடிச்சுக் காட்டுவீங்க, முடிஞ்சதும் பைக்குள்ள போயிடும், திரும்ப பீரோ. கிரீடம்தான் அதுங்க கைக்கு வர்ற ஒரே பொருள், அப்புறம் கிரீடத்தைக் கேக்காம வேற எதைக் கேக்கும்?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு பழமொழி சொல்லித் தப்பிச்சிடாதீங்க. தன் பிள்ளை ஏங்கி நிக்கும்போது கதவைச் சாத்திட்டு ஊரான் பிள்ளைக்குக் கிரீடம் வெட்டச் சொல்லி அந்தப் பழமொழியில இல்ல. டீச்சர் வேலை கடமைதான், யாரு இல்லன்னா, ஆனா அம்மாங்கிறது அதுக்கு முந்தின கடமை, இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் கிடையாது, பழைய பஞ்சாங்கம்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும்.

இதைப் பாசத்துக்காக மட்டும் சொல்லல. பாப்பாவை மடியில வச்சு ஒரு புக்கை நாலு தடவை பிரிச்சிருந்தீங்கன்னா உங்க கேள்விக்கு அவளே பதில் சொல்லியிருப்பா. நாலு வயசுப் பிள்ளை எழுத்தைப் பாக்காது, படத்தோட ஓரத்தைப் பாக்கும். கீழ எழுத்துல வாத்து வீட்டுக்குக் கிளம்பிச்சுன்னு சாதாரணமா இருக்கும், படத்துல புதருக்குப் பின்னாடி நரி வால் நீட்டிக்கிட்டு இருக்கும், அதை எந்த வரியிலயும் எழுதியிருக்க மாட்டாங்க, படக்கதைங்கிறதே அதுதான், எழுத்து ஒண்ணு சொல்லும் படம் இன்னொண்ணு சொல்லும், நடுவுல இருக்கிறதைப் பிள்ளை கண்டுபிடிக்கணும். அம்மா பின்னாடி பாரு பின்னாடி பாருன்னு அது பதறுமே, அந்தப் பதட்டத்துல வர்றதுதான் பேச்சு. நீங்க அந்தப் பக்கத்துல நின்னு வாத்து என்ன கலர்னு கேட்டா வெள்ளைன்னுதான் வரும், ஒத்த வார்த்தைக் கேள்விக்கு ஒத்த வார்த்தைப் பதில், பிள்ளைங்க மேல தப்பே இல்ல.

1988ல ஒயிட்ஹர்ஸ்ட்னு ஒரு அமெரிக்கக்காரரும் அவர் கூட இருந்தவங்களும் ரெண்டு, ரெண்டரை வயசுப் பிள்ளைங்களோட அப்பா அம்மாக்களை வச்சு ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க. ஒரு கூட்டம் வழக்கம்போல வாசிச்சுது, இன்னொரு கூட்டத்துக்கு மட்டும் எப்படிக் கேக்குறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க, எது கலர் எது நாய்னு விரல் வைக்கச் சொல்றதைக் குறைச்சுக்கோ, இங்க என்ன நடக்குதுன்னு கேளு, பிள்ளை ரெண்டு வார்த்தை சொன்னா அதை நாலு வார்த்தையா நீட்டித் திருப்பிச் சொல்லு, அவ்வளவுதான். ரெண்டு கூட்டமும் வாசிச்ச அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒரே மாசத்துல கேள்வி மாறின வீட்டுப் பிள்ளைங்க பேச்சுல மாசக்கணக்குல முன்னாடி போயிடுச்சுங்க. கிரீடம் இல்ல, லேமினேஷன் இல்ல. நடந்தது வீட்ல, அம்மா பக்கத்துல.

அந்த வாத்துக்காரப் பையனை நினைச்சாதான் எனக்கு ஆத்திரமா வருது. கிளாஸைக் கெடுக்குறானாம்! சம்பா அறுத்து முடிஞ்ச வயல்ல சிந்துன நெல்லுக்காக நூத்துக்கணக்குல வாத்து இறக்குறதை வரப்புல நின்னு பாத்து வளந்த பிள்ளை அவன், உங்க 24 பேர்ல அந்தக் கதைக்குள்ள நிஜமாவே நுழைஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவனை உக்காருடான்னுட்டு எல்லாருக்கும் பேப்பர் மூக்கு மாட்டி விடுறீங்க. ராத்திரி வாத்தையெல்லாம் எங்கடா அடைப்பீங்க, நரி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு அவன்கிட்ட கேட்டுப் பாருங்க, கேட்டுட்டு புக்கை அவன் கைல கொடுத்துடுங்க. மத்ததுங்க சும்மா இருக்குதான்னு பாருங்க, ஆளாளுக்கு எங்க வீட்டு ஆடு எங்க வீட்டு கோழின்னு பிச்சுக்கிட்டு வரும், அப்புறம் பேச்சை நிறுத்த வழி கேட்டு எனக்கு இன்னொரு லெட்டர் போடுவீங்க.

முகமூடியே கூடாதுன்னு சொல்லல. ஒரு புக்கை ஒரு வாரம் வச்சிருங்க. மொத நாள் நிறுத்தாம வாசிங்க, கேள்வியே வேணாம். அப்புறம் அதுங்க சொல்லட்டும், நீங்க பக்கத்தை மட்டும் திருப்புங்க. வாரக் கடைசில நடிக்கட்டும், தோள்ல துண்டைப் போட்டா அது நரி, கை ரெண்டையும் பின்னாடி கட்டி நடந்தா வாத்து, அதுக்கு ராத்திரி 11 மணி வேணாம். சுவத்துல பிள்ளைங்க உயரத்துக்குக் கயிறு கட்டி அஞ்சாறு புக்கைத் தொங்கவிடுங்க, எட்டுற மாதிரி. உங்க பள்ளிக்கூட அலமாரியையும் ஒரு தடவை திறந்து பாருங்க, 2023ல வாசிப்பு இயக்கம்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா அரசாங்கம் போட்ட சின்னச் சின்ன புக்கெல்லாம் அங்கயும் பூட்டுக்குள்ளதான் கிடக்குதோ என்னவோ.

கிழியும். கிழியத்தான் செய்யும். நாலு வருஷமா கைலயே கொடுக்காத பொருளைப் பிள்ளை எப்படிப் பதமாப் பிடிக்கும், முதல் தோசை கல்லுல ஒட்டலையா உங்களுக்கு? கிழிஞ்ச பக்கத்தை பாப்பாவையும் உக்கார வச்சு டேப் போட்டு ஒட்டுங்க, அவ கையாலயே ஒட்டட்டும், ரெண்டு தடவை ஒட்டினவ மூணாவது தடவை இழுக்க யோசிப்பா. கிளாஸ்லயும் ஒரு அட்டைப்பெட்டில டேப்பும் கத்திரியும் வச்சிடுங்க. காசுதான் கவலைன்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல 2015லேருந்து படக்கதைங்க இலவசமா கிடக்கு, தமிழ்லயும் நிறைய, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

பகல்ல பாப்பா யார்கிட்ட இருக்கான்னு எழுதல. அப்பாயியோ அம்மாயியோ இருப்பாங்கன்னு நினைக்கிறேன். அவங்க கைலயும் புக்கைக் கொடுத்துட்டுப் போங்க. எழுத்து தெரியலன்னா இன்னும் நல்லது, படத்தைப் பாத்து அவங்களா ஒரு கதை கட்டுவாங்க, அந்தக் கதைல வர்ற நரி உங்க புக்குல இருக்கிற நரியை விடக் கில்லாடியா இருக்கும். லேமினேஷன் போடுற வீட்டுக்காரர் மெஷினை அணைச்சிட்டு அவரும் வந்து உக்காரட்டும், பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே.

இன்னிக்கு ராத்திரி கத்திரியைத் தொடாதீங்க. ஹேண்ட்பேக்லேருந்து சாவிய எடுத்து பாப்பா கைலயே கொடுத்து பீரோவைத் திறக்கச் சொல்லுங்க, எந்த புக்கை எடுக்குறாளோ அதை வாசிங்க, தலைகீழாப் பிடிச்சாலும் விடுங்க. அடுத்த லெட்டர்ல அவ எந்தப் பக்கத்துல உங்களை நிறுத்துனா, அங்க எதைக் காட்டினான்னு எழுதுங்க. எத்தனை கிரீடம் வெட்டினீங்கன்னு எழுத வேணாம்.