அறுவை சிகிச்சை செய்தும் எடை ஏறுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 43. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 118 கிலோ. ஒன்றரை ஆண்டில் 79-க்கு இறங்கினேன், இனிப்புநீர் மாத்திரையும் நின்றது. பிறகு மெல்ல மெல்ல ஏறி இப்போது 88. தினமும் காலையில் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ கூடியிருந்தால் அன்று முழுக்கக் கஞ்சித் தண்ணீர்தான். சோறு கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் இரண்டு மூன்று தே தாரேக் குடிப்பேன், அவ்வளவுதான். வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? திரும்பவும் அறுவை சிகிச்சை வேண்டுமா? "இவ்வளவு செலவு செய்தும் இப்படியா" என்று வீட்டில் கேட்கிறார்கள். வெட்கப்பட்டு ஓர் ஆண்டாக மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. தோழி ஒருவர் மெலிவதற்கான காப்பித் தூள் கொடுத்திருக்கிறார், குடிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிகளில் ஒன்று: ஓர் ஆண்டாகப் பரிசோதனைக்குப் போகவில்லை என்பது. எடையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பி12 வைட்டமினை உடல் உறிஞ்சத் தேவையான ஒரு பொருள் அந்த இரைப்பையில்தான் சுரக்கிறது. கல்லீரலில் இருக்கும் பி12 இருப்பு சில ஆண்டுகள் தாங்கும். அதனால் குறைபாடு முதல் ஆண்டில் தெரியாமல், மூன்றாம் நான்காம் ஆண்டில் தலைகாட்டலாம். உங்களுக்கு இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருந்தால் இரும்புச்சத்தும் குறைந்திருக்கக்கூடும். கால் விரல்களில் மதமதப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது இவையெல்லாம் இருந்தால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அளவு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு இவ்வளவையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். என்ன அறுவை சிகிச்சை, எப்போது செய்தது என்பதை மட்டும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, எடைக்கு வருவோம். நீங்கள் குறைத்தது 39 கிலோ, திரும்பி வந்தது 9. இன்றைக்கும் தொடக்க எடையை விட 30 கிலோ குறைவாக இருக்கிறீர்கள், அதாவது கால் பங்கு. சுவீடனில் 1987-இல் தொடங்கி, உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதிலும் இதே கதைதான். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை அடிமட்டத்துக்குப் போனது, அதன்பின் சில ஆண்டுகள் கொஞ்சம் ஏறியது, பிறகு ஓரிடத்தில் நின்றது. 15 ஆண்டுகள் கழித்து, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் முறையில் செய்தவர்களிடம் நிலைத்த குறைவு சராசரியாக 27 சதவீதம். மற்ற முறைகளில் அதைவிடக் குறைவு. அப்படியிருந்தும், அறுவை சிகிச்சை செய்யாதவர்களை விட இவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. உங்கள் கால் பங்கை அந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இதைத் தோல்வி என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஆனால் ஏறும் போக்கை இப்போதே நிறுத்த வேண்டும் என்பதும் உண்மை.

வயிறு விரிந்துவிட்டதா என்று கேட்டீர்கள். மீதமுள்ள குழாய் போன்ற இரைப்பை காலப்போக்கில் ஓரளவு விரிவது இயல்பு. ஏறிய எடைக்கெல்லாம் அதுவே காரணம் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். அதை அகற்றியதால் முதல் ஆண்டில் பசியே தெரியாது. நாளாக ஆக உடல் பழைய எடைக்குத் திரும்பப் போராடத் தொடங்குகிறது. 79 கிலோ உடம்புக்கு 118 கிலோ உடம்பைவிடக் குறைவான எரிபொருள் போதும், பசியோ மெல்லக் கூடுகிறது. இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உடல் பருமன் இனிப்புநீரைப் போல நாள்பட்ட நோய். அறுவை சிகிச்சை அதற்கு வலுவான மருந்து, ஆனால் ஒருமுறை செய்ததோடு நோய் போய்விடுவதில்லை.

தினமும் எடை பார்த்துக் கஞ்சித் தண்ணீர் குடிப்பதை இன்றோடு விடுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே இரவில் உங்கள் சின்ன வயிற்றால் அது முடியுமா? முந்தின நாள் நாசி கண்டார் குழம்பில் இருந்த உப்பு, மாதவிடாய்க்கு முன் உடலில் தேங்கும் நீர், மலச்சிக்கல் இவைதான் அந்த ஒரு கிலோ. கஞ்சித் தண்ணீரில் இருந்துவிட்டு மறுநாள் எடை குறைந்தால் குறைந்தது பெரும்பாலும் தண்ணீர். அதையே அடிக்கடி செய்தால் தசை கரையும், மாலையில் பசி தாங்காமல் கைக்குக் கிடைத்ததைச் சாப்பிடுவீர்கள். வாரத்தில் ஒரு நாள், அதே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நான்கு வாரம் சேர்ந்து எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

"இரண்டு மூன்று தே தாரேக், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். உங்கள் வயிற்றில் கோழித் துண்டு கொஞ்ச நேரம் தங்கி, நிறைந்த உணர்வைத் தரும். டின் பாலும் சீனியும் கலந்த தேநீர் தங்காமல் இறங்கிவிடும். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது, கடையில் ஊற்றுவது ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. மைலோ, சிராப் பண்டுங், பிஸ்கட், முறுக்கு, கெரோப்போக் எல்லாம் இதே ரகம். கொஞ்சம் கொஞ்சமாக, வயிறு மறுப்புச் சொல்லாமல், நாள் முழுக்க உள்ளே போகும். சோறு கொஞ்சம்தான் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சோற்றைக் குறைத்ததால் உண்டான பசியைத்தான் இந்தத் தேநீர் அடைக்கிறது.

அதனால் தட்டை மாற்றுங்கள். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் உண்டு. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் டெம்பேயும் தௌஃபூவும் உங்களைக் காப்பாற்றும். பருப்பை மட்டும் நம்பினால் காணாது. வாழை இலையில் சாப்பிட்டாலும் முதலில் மீனோ கோழியோ, அடுத்து காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. பசியாற ரொட்டி சானாய்க்குப் பதிலாக இரண்டு முட்டை. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேநீர் விட முடியாதென்றால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். அதையும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காதீர்கள், தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள்.

தித்திவங்சா ஏரிப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான், நடங்கள். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினால்கூடப் போதும்.

வேறு காரணங்களும் இருக்கலாம். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, தூக்கக் குறைவு, தைராய்டு எல்லாமே எடையை ஏற்றும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரவில் நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது வருவதுண்டு. கடுமையாக இருந்தால் பைபாஸாக மாற்றுவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். வெறும் 9 கிலோவுக்காக மறுபடி கத்தி வைக்க நான் சொல்லமாட்டேன். இரண்டாவது அறுவை சிகிச்சையில் ஆபத்து முதலாவதைவிட அதிகம். அதற்கு முன் ஊசி மருந்துகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு லிராகுளுடைட் ஊசி கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2023-இல் வெளியானது. ஆறு மாதத்திற்குள் சராசரியாக எட்டு சதவீதத்துக்கும் மேல் எடை குறைந்தது. செமாக்லுடைட்டும் அதே குடும்பம். விலை அதிகம், குமட்டலும் வரலாம், உங்களுக்குப் பொருந்துமா என்பதை ரத்த முடிவுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் கேட்பவர்களை அடுத்த பரிசோதனைக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். நீங்கள் விளக்குவதைவிட மருத்துவர் வாயால் கேட்பது நல்லது. குத்திக்காட்டுவது ஒருவரையும் மெலிய வைத்ததாக நான் பார்த்ததில்லை. மறைந்து சாப்பிட வைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்களே அந்த நிலையில் இருந்தால், இரவில் தனியாக, நிறுத்த முடியாமல் சாப்பிடுவதாக உணர்ந்தால், அதை உளவியல் ஆலோசகரிடம் சொல்லலாம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

தொடர்ந்து வாந்தி வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். சில வாரங்கள் நீடித்தாலே தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து, நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, நினைவும் பாதிக்கப்படலாம். அது அவசரம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் அந்தக் காப்பித் தூள். குடிக்காதீர்கள். மெலிவதற்கென விற்கும் காப்பி, தேயிலை, மாத்திரைகளில் சிபுட்ராமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, மலேசியாவிலும்தான். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வரவழைக்கும் என்பதால் 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். நெஞ்சு படபடப்போ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள், தோழியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.