பினோ நுவாரின் தோல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸில் டிஜோன் நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையானால் எங்கள் ஆய்வகத்தில் பேச்சு பினோ நுவார் திராட்சையில்தான் போய் நிற்கும். அதன் ஒயினில் செர்ரி மணம், ராஸ்பெர்ரி மணம், காளான், ஈரமண் என்று ஆளாளுக்கு அடுக்குகிறார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். வெளிறிய நிறம், கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. என் நாக்குதான் சரியில்லையா, இல்லை இதெல்லாம் பாவனையா? இந்தத் திராட்சையை அறிய எங்கிருந்து தொடங்குவது?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. வெளிறிய நிறம், புளிப்பு இரண்டும் பினோ நுவாரின் அடிப்படைக் குணங்கள். அவற்றைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். செர்ரியும் ராஸ்பெர்ரியும் உங்கள் நண்பர்கள் சின்ன வயதில் பறித்துத் தின்ற பழங்கள். நாம் நாவல்பழம் தின்று நாக்கு ஊதாவாகத் திரிந்தவர்கள். அவர்களுடைய பட்டியலை மனப்பாடம் செய்யப் போனால் சலிப்புதான் மிஞ்சும். அதை விட்டுவிட்டுத் தோலிலிருந்து தொடங்குங்கள்.

ஊரில் பன்னீர் திராட்சையைப் பிதுக்கித் தின்றிருப்பீர்கள். தோல் கருநீலம், வழுக்கிக்கொண்டு வரும் சதை வெளிர்பச்சை. ஒயின் திராட்சையிலும் பெரும்பாலும் இப்படித்தான். சிவப்பு ஒயினின் சிவப்பு தோலில் இருக்கிறது. நசுக்கிய பழத்தைத் தோலோடு புளிக்க விடும்போது நிறம் இறங்குகிறது, கூடவே தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பும் இறங்குகிறது. பறித்ததும் மெதுவாகப் பிழிந்து தோலை ஒதுக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின் வரும். ஷாம்பெயின் வட்டாரத்தில் பினோ நுவாரைப் பெரும்பாலும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

பினோ நுவாரின் தோல் மெல்லியது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். கேபர்னே சோவின்யோன் என்ற இன்னொரு கறுப்புத் திராட்சைக்குத் தோல் தடிமன். அதனால் அதன் ஒயின் கறுத்து, ஈறைக் கவ்விப் பிடிக்கும். பினோவைக் கோப்பையில் ஊற்றிப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் பெரும்பாலும் தலைப்பை வாசித்துவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வாய் குடித்துப் பாருங்கள். இந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்பதை விளக்க அங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அறுசுவையிலேயே துவர்ப்பு இருக்கிறது. பாக்கின் துவர்ப்பு வேறு, வாழைப்பூவின் துவர்ப்பு வேறு என்று தெரிந்த நாக்கு உங்களுடையது. இந்த விஷயத்தில் உங்கள் ஆய்வக நண்பர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால்தான் இருக்கிறீர்கள்.

நான் ஒரு செப்டம்பர் மாதம் உங்கள் டிஜோன் இருக்கும் பர்கண்டி வட்டாரத்தில் இருந்தேன். அறுவடைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு தோட்டக்காரர் ஒரு குலையைக் கத்தரித்து என் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. பழங்களுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை, அத்தனை நெருக்கம். பைன் மரத்துக் காயைப் போன்ற இந்த வடிவத்தால்தான் பினோ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அவர் குலையைப் பிரித்து நடுவில் இருந்த ஒரு பழத்தைக் காட்டினார். பழுப்பேறி, தொட்டதும் தோல் கழன்றது. முந்தைய வாரம் பெய்த மழை உள்ளே தங்கிவிட்டது, காற்றுப் போக வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, நெல் சாய்ந்த வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்த என் பெரியப்பா ஞாபகம் வந்தது. சீக்கிரம் துளிர்க்கிற கொடி என்பதால் வசந்தகாலப் பனியும் இதற்கு எமன். 2021 ஏப்ரலில் பர்கண்டியில் கொடிகளுக்கு நடுவே இரவெல்லாம் நெருப்பு ஏற்றிவைத்துக் காவல் காத்தார்கள்.

இத்தனை பாடுபடுத்தும் கொடியை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். விட்டுவிட்டு வேறு கொடிக்குப் போனவர்களும் உண்டு. கமே என்ற திராட்சை சுலபமாக வளரும், நிறையக் காய்க்கும். விவசாயிகள் அதை நடத் தொடங்கியதும் பர்கண்டியை ஆண்ட கோமகன் பிலிப் 1395இல், அது துரோகச் செடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணை போட்டார். பினோவின் பேரைக் காப்பாற்றத்தான் அந்தக் கோபம். அறுநூறு வருடம் கழித்து, 1999இல், டிஎன்ஏ ஆய்வு வந்தது. கமே பினோவின் சொந்தப் பிள்ளை என்று தெரிந்தது. இன்னொரு பெற்றோர் கூவே ப்ளாங், ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கப்பட்ட வெள்ளைத் திராட்சை. உலகமே கொண்டாடும் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையும் இதே ஜோடிக்குப் பிறந்ததுதான். எனக்கு இந்தச் சேதி தரும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஒதுக்கி வைத்த கொடி வேலியோரம் நின்று தன் பங்கைச் செய்திருக்கிறது.

அப்புறம் மண். டிஜோனிலிருந்து தெற்கே போகும் கோத் தோர் சரிவு முழுக்க இந்த ஒரே கறுப்புத் திராட்சைதான், ஆனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர். அங்கே அவற்றைக் கிளிமா என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது கணக்கு 1,247. நம்மூரில் மேட்டுத்துண்டு, கிணத்துக்காடு என்று வயலுக்குப் பெயர் வைப்பதில்லையா, அது மாதிரி. துவர்ப்பும் நிறமும் குறைவாக இருப்பதால் நிலத்துக்கு நிலம் உள்ள வித்தியாசம் இந்தத் திராட்சையில் மறையாமல் தெரிகிறது என்பது என் எண்ணம்.

டிஜோனிலேயே இருக்கிறீர்கள். முதல் வேலையாக க்ளோ த வூஜோவுக்குப் போய் வாருங்கள். சித்தோ மடத்துத் துறவிகள் மதில் கட்டிய தோட்டம், சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து கைமாறி, பின்னால் விற்பனையும் பாகப்பிரிவினையுமாகத் துண்டாகி, இன்று ஏறக்குறைய 80 பேர் கையில் இருக்கிறது. உள்ளே அந்தத் துறவிகள் திராட்சை பிழிந்த பழைய மரச் செக்குகளும் இருக்கின்றன, யானை யானையாக. அவற்றை அவசியம் பாருங்கள். பிறகு மேல் மதிலோரம் நின்று மண்ணைக் கையில் எடுங்கள். சுண்ணாம்புக் கல்லும் சரளையுமாக இருக்கும். கீழே சாலைப் பக்கம் வரை நடந்து வந்து மறுபடி எடுங்கள், களிமண் விரலில் ஒட்டும்.

அன்று மாலை உங்கள் நண்பர்களோடு உட்காரும்போது ஒயின் கொஞ்சம் குளிர்ச்சியாக, 15 டிகிரி வாக்கில் இருக்கட்டும். கோடையில் அறையின் சூட்டிலேயே விட்டுவிட்டால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். என்ன மணம் வருகிறது என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த பெயரையே சொல்லுங்கள். நாவல்பழம் என்றால் நாவல்பழம். அது என்ன பழம் என்று அவர்கள் கேட்பார்கள், விளக்குங்கள்.

அன்புடன்.