வாசகர் கேள்வி: காவிரியின் திமில் மஹசீர்

கேள்வி: காவிரியில் மஹசீர் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காகவே ஒரு காலத்தில் வெளிநாட்டினர் வந்து தங்கினார்கள் என்று என் தாத்தா சொல்வார். கெண்டை இனத்து மீன் ஒன்றுக்கு அப்படி என்ன சிறப்பு? அது இன்னும் ஆற்றில் இருக்கிறதா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: தாத்தா சொன்னது உண்மைதான். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோர் போன்ற இடங்களில் காவிரிக் கரையில் இருந்த தூண்டில் முகாம்களுக்கு இங்கிலாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பலர் வந்தார்கள். அவர்களை ஈர்த்தது அம்மீனின் சுவையன்று, அதன் பலம். பாறைகளுக்கிடையே விசையோடு பாயும் நீரை எதிர்த்தே வளரும் மீன் அது. எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிக் கோத்த ராகிக் களியைக் கவ்வி, முள் தைத்ததை உணர்ந்த மறுகணமே ஓட்டத்தின் போக்கில் பாய்ந்து, ரீலில் சுற்றிய நரம்பை ஒரே மூச்சில் உருவிக்கொண்டு போகும். பாறை விளிம்பில் நரம்பு உரசுவது கைவிரலில் அதிரும். அறுந்தால் அதோடு முடிந்தது. தாடையில் பல்லே இல்லாத இம்மீன், தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டின் ஓட்டையும் நத்தையின் ஓட்டையும் நொறுக்கிவிடும். இதன் செதில் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் உள்ளங்கையைக் கிட்டத்தட்ட மறைத்தது.

காவிரியின் துணையாறான கபினியில் 1946ஆம் ஆண்டு, மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. முகாம்களில் பிடித்தவர்கள் மீனைக் கொல்லவில்லை. களைத்துப்போன மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அது தானாகத் துள்ளி நழுவும்வரை நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருப்பார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்புகளும் கொண்ட காவிரி மஹசீர் மிகவும் அருகிவிட்டது. அணைகளும் மணல் அள்ளுவதும் தோட்டா வீசி மீன் பிடிப்பதும் காரணங்கள். இன்னொரு காரணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆற்றில் மஹசீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். வந்த இனம் பெருகியது, சொந்த இனம் ஒடுங்கியது. இத்தனை புகழ்பெற்ற மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட 2018 வரை உறுதியாகவில்லை. நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த பிறகே, அது காவிரி வடிநிலத்தைச் சேர்ந்த கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரேமாதேவி' இனம் என்பது தெளிவாயிற்று. அந்த 2018ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் அது. உங்கள் ஊர்ப் பரிசல்காரர் வலையில் திமிலுள்ள மஹசீர் எப்போதாவது சிக்கினால், உயிரோடு ஆற்றில் விட்டுவிடும்படி சொல்லுங்கள்.